வெள்ளிக்கிழமை லாரியும் கருவாட்டு ரொட்டியும்

பெங்களூரில் நல்ல பீட்சா எங்கே கிடைக்கும் என்று என் மருமகள் போன வாரம் கேட்டாள். இப்போது ஊரெல்லாம் கடைகள். சிலவற்றில் சாப்பிட்டும் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் சாப்பிட்டவற்றில் நல்லது, இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜீவனஹள்ளிப் பக்கம் ஒரு ரொட்டிக் கடையின் பின்புறத்தில் கிடைத்தது. அங்கே அதைச் செய்தவன் வராமல் போனதற்குக் காரணம் நான்தான்.

கடை என் மனைவியின் அண்ணனுடையது. சண்டையில் பிடிபட்ட இத்தாலியச் சிப்பாய்களை வெள்ளைக்காரர்கள் கைதிகளாகக் கொண்டுவந்து ஊருக்கு வெளியே முகாம்களில் வைத்திருந்தார்கள். ஒரு முகாமுக்கு மச்சான்தான் ரொட்டி கொடுத்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் லாரி வரும். கூடைகளை ஏற்ற ஒரு கைதியும், அவனுக்குக் காவலாக ஒரு ஹவில்தாரும் வருவார்கள். கைதி ஒல்லியாக, நரை விழத் தொடங்கிய தலையோடு இருந்தான். அடுப்பு வாய்க்கு நேரே கையை நீட்டி, உதட்டுக்குள் எண்ணிச் சூடு பார்த்தான். அதைப் பார்த்ததுமே மச்சான் என்னிடம், "மாப்ளே, இவன் நம்ம சாதிடா. ரொட்டி சுடறவன்" என்றார்.

தன் ஊர் ரொட்டி ஒன்று செய்து காட்டுகிறேன் என்று அவன் கைஜாடையில் சொன்னான். மாவு இருந்தது, தக்காளி இருந்தது. பிறகு இரண்டு விரலைத் தலைமேல் கொம்பாக வைத்துக் காட்டினான்.

"மாட்டுக்கறி கேக்கறான்" என்று மச்சான் கசாப்புக் கடைக்கு ஆள் அனுப்பப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை அதுவுமா? இவனும் நம்மைப்போல வேதக்காரன்தானே, மச்சான்!" என்றேன் நான். கத்தோலிக்கர்களான எங்களுக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது.

கைதி தலையை அசைத்து, இரண்டு கையாலும் காற்றில் பால் கறந்தான். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். ஜீவனஹள்ளியில் எருமைக்கா பஞ்சம்? பால் வந்தது. எருமைப் பால்தான் என்று தெரிந்ததும் அவன் முகம் மலர்ந்தது. அவன் ஊரிலும் அந்தப் பாலில்தானாம். எலுமிச்சம்பழம் பிழிந்து திரித்து, துணியில் கட்டிப் பிழிந்து, அந்தக் கட்டியைத் தட்டிய மாவின்மேல் பிய்த்துப் போட்டான். கடைசியாக விரல் நீளம் காட்டி, நாக்கில் உப்புக் கரிப்பதுபோல் முகத்தைச் சுளித்தான். என் மனைவி வீட்டிலிருந்து நெத்திலிக் கருவாட்டைக் கழுவி எடுத்து வந்தாள். அவன் ஒன்றை எடுத்து மோந்து பார்த்து, அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டான். அவள் வெட்கத்தில் முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

ரொட்டி அடுப்புக்குள் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. ஓரம் உப்பி, அங்கங்கே கருகி, நடுவில் பால்கட்டி இளகிக் கொதித்தது. ஹவில்தாருக்கும் ஒரு துண்டு போயிற்று.

"சார், நான் டீ குடிச்சிக்கினு இருக்கேன், ஒண்ணும் பாக்கல" என்றார் அவர். "ஆனா வெளியே பேச்சு போச்சுன்னா இவன் வர்றது நின்னுடும். என் வேலைக்கும் பேஜாரு."

யாரிடமும் சொல்வதில்லை என்று மச்சான், நான், என் மனைவி மூன்று பேரும் ஒப்புக்கொண்டோம். பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் என் வாக்கைத்தான் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்த ரொட்டி தொடர்ந்தது. அப்புறம் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தவக்காலம் வந்தது. அந்த நாட்களில் எங்களுக்கு ஒருவேளைதான் முழுச் சாப்பாடு. வெள்ளிக்கிழமைகளில் அந்த ஒரு வேளையை நான் மச்சான் கடையில் முடித்துக்கொண்டு மாலையில் மாதா கோயிலுக்குச் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போவேன். அது முடிந்ததும் ஆண்கள் கோயில் மரத்தடியில் நிற்பது வழக்கம். பசித்த வயிறுகள் வேறு எதைப் பேசும்? ஒருவர் சிவாஜி நகர் பிரியாணியைச் சொன்னார். ஒருவர் அத்திபெலே சந்தையில் சாப்பிட்ட கோழிக் குழம்பைச் சொல்லி எச்சில் விழுங்கினார்.

"வாத்தியாருக்கு என்ன தெரியும்? வீட்டம்மா போடற ரசம்தான்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சொல்லிவிட்டேன். கடை, கிழமை, நேரம் எல்லாவற்றையும். எருமைப் பாலையும் நெத்திலியையும் பாடம் நடத்துவதுபோல் விவரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதி எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை இப்போதும் மறைக்க முடியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்வாசலில் கூட்டம். "ஒரு துண்டு குடுங்கண்ணே", "எனக்குக் கருவாடு ஜாஸ்தி" என்று சத்தம். லாரி வந்து நின்றது. ஹவில்தார் கூட்டத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கைதியை லாரியை விட்டு இறங்கவே விடவில்லை. அவன் மேலிருந்து புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கடுத்த வாரம் வேறொருவன் வந்து கூடைகளை ஏற்றிப் போனான்.

அன்று மாலையே மச்சானிடம் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும் மாப்ளே. உன் வாய்க்கு நோன்பே கிடையாது" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. என் மனைவிதான் விடவில்லை. "உங்களுக்கு நாக்கு ருசி போச்சு, அவ்ளோதான். அந்த மனுசனுக்கு வாரத்துல ஒருநாள் வேலிக்கு வெளிய காத்து இருந்துச்சு" என்றாள்.

ஈஸ்டருக்கு முன்னால் மச்சான் தாமே மாவைத் தட்டினார். பால் திரித்தது நான், கருவாடு கழுவியது அவள். சுட்டதைத் துணியில் சுற்றி முகாம் ரொட்டிகளுக்கு நடுவே வைத்தோம். புதிதாக வந்தவனிடம் கொம்பு காட்டி, ஒல்லியான ஆள் என்று காட்டினோம். அவன் புரிந்துகொண்டு சிரித்தான்.

மறுவாரம் காலிக் கூடைகளோடு துணியும் திரும்பி வந்தது. பிரித்தால் உள்ளே ஒரு துண்டு ஓரம், வெளுத்துப்போய், காய்ந்து கிடந்தது. கோபத்தில் திருப்பி அனுப்பிவிட்டான் என்றே நினைத்தேன்.

மச்சான் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "ஐயோ, சூடு பத்தலைன்னு சொல்றான்டா!" என்று கத்தினார். ரொட்டி எல்லாம் சுட்டு முடித்த பிறகு, ஆறிக்கொண்டிருந்த அடுப்பில் நாங்கள் அதை வைத்திருந்தோம். அவனோ எப்போதும் புதிதாக விறகு தள்ளி, தீ நாக்கு நீட்டும்போதுதான் வைப்பான்.

அந்த வாரம் நான் விறகு தள்ளினேன். புருவ மயிர் பொசுங்கியது. ஓரம் உப்பி, அங்கங்கே கருகி வந்தது. துணியில் சுற்றி அனுப்பினோம். ஒரு வாரம் கழித்துத் துணி துவைத்து மடித்து வந்தது. உள்ளே ஒரு துண்டு ஓரம்கூட மிச்சமில்லை.

மச்சான் அந்தத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இப்ப நமக்கும் ஒண்ணு போடு மாப்ளே" என்றார்.