எதிர்க்கடையில் ஒரு முடிவெட்டு

பார்லர்க்காரிக்கு மகள் கடுகின் கூந்தல்தான் கடையின் விளம்பரப் பலகை. முழங்காலைத் தொடுகிற பின்னல். முடி கொட்டுகிறதே என்று யாராவது அழுதுகொண்டு வந்தால் போதும், "கடுகு, இங்க வா, ஆன்ட்டிக்கு ஒரு சுத்து திரும்பிக் காட்டு" என்பாள். கடுகு வீட்டுப்பாடத்தை மூடி வைத்துவிட்டு வந்து நிற்பாள்.

கடுகுக்குப் பன்னிரண்டு முடியப் போகிறது. பிறந்தநாளுக்கு ஒரே ஒன்று, வாய் திறந்து கேட்கலாம். கேட்டால் மறுக்கக் கூடாது. வீட்டில் இந்தச் சட்டத்தைப் போட்டவளே பார்லர்க்காரிதான். அக்காள்கள் கழித்துப் போட்டதையே உடுத்தி வளர்ந்தவள், தன் பிள்ளையாவது கேட்டு வாங்கட்டுமே என்று போட்டாள்.

சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள். என்ன கேட்கலாம் என்பதில் ஆளுக்கொரு யோசனை.

"போன் கேளுடி. இப்ப விட்டா அப்புறம் புருசன்கிட்டதான் கேக்கணும்," என்றாள் தலை முழுக்கச் சாயத்தோடு இருந்த தையல்காரம்மா.

"கண்ணு கெட்டுப் போகும். சைக்கிள் கேளு," என்றாள் முகத்தில் பூச்சு காய்ந்துகொண்டிருந்த டீச்சர், உதடு அசையாமல்.

"சைக்கிளா? இந்தப் பின்னல் சக்கரத்துல மாட்டிக்கவா?" என்று தையல்காரம்மா சிரித்தபடி கையை நீட்டி, பின்னலை ஒரு இழு இழுத்துப் பார்த்தாள்.

"நான் முடிவு பண்ணிட்டேன்மா," என்றாள் கடுகு. "எனக்கு முடி வெட்டணும். காது வரைக்கும்."

பார்லர்க்காரியின் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. அப்புறம் சமாளித்துக்கொண்டு, "சரிடி, சாயங்காலம் ஓரத்துல கொஞ்சம் எடுத்து விடறேன்," என்றாள்.

"நீ வேணாம். எதிர்க்கடை அத்தை வெட்டட்டும்."

எதிர்க்கடைக்காரி வேறு யாருமில்லை, கடுகின் அப்பாவுக்கு நேர் மூத்தவள். நாத்தனாரும் இவளும் ஒன்றாகத் தொழில் பழகி, ஒரே கடையை நடத்தியவர்கள். கடை பிரிந்தபோது, சுழல் நாற்காலி யாருக்கு என்பதில் மூண்ட சண்டை. அப்போது கடுகு தவழ்ந்துகொண்டிருந்தாள். இன்றுவரை இரண்டு கடைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"அவகிட்டயா? அடிப்பாவி, நான் என்னடி குறை வெச்சேன்?"

"போன வருசமும் இதைத்தானே கேட்டேன்? உட்கார வெச்சு நகத்தளவு எடுத்தே. உன் கைக்கு வெட்ட வராதும்மா." கடுகு பின்னலை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "வர்றவங்க எல்லாம் இழுத்துப் பாக்கறாங்க. வலிக்குது. நீதான் கூப்பிட்டுக் காட்டறே. அம்மா கூப்பிட்டா நான் எப்படி வரமாட்டேன்னு சொல்றது?"

தையல்காரம்மா கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

பார்லர்க்காரி அந்தக் கை ஒளிந்த இடத்தையே பார்த்தாள். எத்தனை கைகள்! ஒவ்வொன்றையும் இவளே அழைத்துப் பிள்ளையின் தலையில் வைத்திருக்கிறாள். அதையும் பெருமை என்று நினைத்துக்கொண்டு! மேலங்கியைக் கழற்றிப் போட்டாள். மகளை முன்னே விட்டுத் தெருவில் இறங்கினாள்.

"என் சாயம் காய்ஞ்சு போயிடுமே!"

"காயட்டும்!"

இவள் படியேறுவதைக் கண்டதும் நாத்தனாரின் கத்தரி அந்தரத்தில் நின்றது.

"அண்ணி, உங்க மருமகளுக்குப் பிறந்தநாள் வருது. உங்க கையாலதான் முடி வெட்டிக்குவாளாம். காது வரைக்கும்."

"ஏன், உனக்குத் தொழில் மறந்து போச்சா?"

"என் கைக்கு வராதாம்."

நாத்தனார் இவள் முகத்தையே பார்த்தாள். அந்தப் பழைய சுழல் நாற்காலியைத் தூசி தட்டிவிட்டாள். கடுகு ஏறி உட்கார்ந்தாள். பேச்சில்லாத வீட்டுப் பிள்ளை என்ற தயக்கமோ என்னவோ, "கை வைக்கட்டுமா, கண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் நாத்தனார் பின்னலைத் தொட்டாள்.

அந்தக் கேள்வி இத்தனை வருசத்தில் ஒருநாளும் பார்லர்க்காரியின் வாயில் வந்ததில்லை.

பின்னல் விழுந்தது. கடுகு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். காதுகள் இரண்டும் புதிதாக முளைத்தவை போல வெளியே நின்றன.

பார்லர்க்காரியின் கை பழக்கத்தில் மகளின் தலையை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

"தொட்டுப் பாக்கட்டுமாடி?"

கடுகு கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள்.

"இப்ப வேணாம்மா," என்றாள்.

பார்லர்க்காரி கையை இறக்கிக்கொண்டாள்.