காய்க்கக் கூடாத கொடி

பஞ்சாலை ஏணியில் நின்று பூப் பறிக்கிறாள். சாமிக்கு அல்ல, சட்டத்துக்கு. அடியில் பிஞ்சு உருண்ட பூசணிப் பூவாகப் பார்த்துக் கிள்ளி மடியில் போடுகிறாள். "வந்துட்டியாடி சண்டாளி? நேத்துதானே ஒங்க அக்காளக் கிள்ளினேன்?" என்று பூவுக்கு ஒரு திட்டு. பிஞ்சில்லாத ஆண்பூக்களைத் தொடுவதில்லை. அவை மூன்று மாதமாகப் பெண் கிடைக்காமல் மஞ்சள் பூசிக்கொண்டு காத்திருக்கின்றன.

மலாயாவில், கெமாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அவள் ஆயா. தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன்; சொன்னால் பூசணிக்கு ஆபத்து. பால் எடுக்க ரப்பர் மரம் சீவப் போகிறவர்கள் விட்டுச் செல்லும் பதினோரு பிள்ளைகள் அவள் பொறுப்பு. தூளிகளையெல்லாம் ஒரே கயிற்றில் கோத்து, நுனியைக் கால் பெருவிரலில் கட்டிக்கொள்வாள். விரல் அசைந்தால் தோட்டத்தின் அடுத்த தலைமுறை மொத்தமும் ஆடும். கை பாட்டுக்கு வெற்றிலை மடிக்கும்.

வெள்ளைக்காரர்களின் அவசரகாலச் சட்டம் வந்ததும், ரப்பர் நிழலில் இருந்த லயத்து வீடுகளைப் பிடுங்கி, முள்வேலி போட்ட மொட்டைத் திடலில் நட்டார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளிடமிருந்து ஜனங்களைக் காப்பாற்றவாம். சூரியனிடமிருந்து காப்பாற்றுவது பற்றி உத்தரவில் ஒரு வரியும் இல்லை. பத்து மணிக்கெல்லாம் ஆயாக் கொட்டகையின் புதுத் தகரம் 'டிக் டிக்' என்று முறுக்கத் தொடங்கும். பஞ்சாலை தூளிகளை முழங்கால் உயரத்துக்கு இறக்கினாள். கூரையில் ஈரச் சாக்கு விரித்தாள். அது வெற்றிலை மடித்து முடிக்குமுன் காய்ந்தது. பங்குனியில், பால் வெட்டும் மங்கம்மாவின் கைக்குழந்தைக்கு வெக்கையில் இழுப்பு வந்து, கண் செருகி, எப்படியோ பிழைத்தது. மறுநாளே பஞ்சாலை கொட்டகையோரம் பூசணி விதை ஊன்றினாள்.

கொடி பாதிக் கூரையை மூடியபோது போலீஸ் சார்ஜண்டு வந்தார். வேலிக்குள் தின்னத்தக்கது எதுவும் காய்க்கக் கூடாது, காட்டுக்குப் போய்விடும் என்றார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சிவானந்தன் அதைத் தம் யாழ்ப்பாணத் தமிழில் இறக்கினார்: "உந்தக் கொடியை வேரோடை வெட்டட்டாம், பஞ்சாலை. நான் என்ன செய்யிறது?"

"வெட்டிப்புடலாம் கிராணி ஐயா. வெயில்ல வந்திருக்காங்க. மொதல்ல ஒக்காரச் சொல்லுங்க லா, தண்ணி கொண்டாறேன்."

நாற்காலியைக் கொடி படராத பாதியின் கீழே போட்டாள். தண்ணீர் வரக் கால் மணி நேரம் ஆயிற்று. சார்ஜண்டு "பானாஸ், பானாஸ்" என்று மலாய் மொழியில் வெக்கையைத் திட்டியபடி தொப்பியால் விசிறினார்; கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்; கடைசியில் நாற்காலியோடு நகர்ந்து நகர்ந்து கொடிப் பக்கம் வந்து சேர்ந்தார். செம்பு அங்கே தயாராக இருந்தது.

"காய்தானே ஐயா குத்தம்? காயே இல்லாம வளத்துக் காட்டுறேன். ஒத்தக் காய் கண்ணுல பட்டா, கத்திய நானே எடுத்துக் குடுக்குறேன்."

கிராணி மொழிபெயர்த்தார். சார்ஜண்டு தண்ணீர் குடித்துக்கொண்டே தலையாட்டினார். அன்றிலிருந்து வெள்ளிதோறும் சோதனை.

இப்போது கூரை முழுக்கப் பச்சை. பிள்ளைகளின் வேர்க்குரு உதிர்ந்துவிட்டது. ஆட்களை மேய்க்கும் மண்டோர் வீரமுத்துகூடப் பிள்ளைகளைப் பார்க்க வந்ததாகச் சொல்லி, நடுப்பகலில் சுவரோரம் சாய்ந்துவிடுகிறார். "ஒங்க சைசுக்குத் தூளி இல்லேண்ணே. கீழ படுங்க, ஆட்டியெல்லாம் விட மாட்டேன்" என்பாள் பஞ்சாலை.

போன வெள்ளிக்கிழமை மங்கம்மா வேலைக்குப் போகவில்லை. அவள் பிள்ளையின் தூளி காலி. உச்சிப் படிவரை ஏறி முகட்டு இலைகளை விலக்கிய பஞ்சாலை அப்படியே நின்றாள். குழந்தைத் தலையளவு ஒரு பூசணி.

"அடிப்பாவி, எனக்கே தெரியாமப் பெத்து வச்சிருக்கியே!"

வேலி வாசலில் போலீஸ் லாரி ஹாரன் அடித்தது. காயைத் திருகி முந்தானையில் சுற்றிக்கொண்டு இறங்கினாள்.

சார்ஜண்டு உள்ளே வந்தபோது பதினோரு தூளியும் ஆடிக்கொண்டிருந்தன. பஞ்சாலை கண்ணை மூடித் தாலாட்டுப் பாடினாள். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு தூளிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தபடி வந்தார். பத்தில் பத்துப் பிள்ளைகள், வியர்க்காமல் உறங்கின. பதினோராவதில், போர்த்திய துணிக்கு வெளியே பச்சைக் காம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

தாலாட்டு நின்றது. சார்ஜண்டும் நின்றார்.

துணியின் ஓரத்தை இழுத்துக் காம்பை மூடினார். வாசலில் நின்ற போலீஸ்காரர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். தூளியை ஒரு தரம் மெல்ல ஆட்டிவிட்டு, பூட்ஸ் நுனியில் நடந்து வெளியே போனார்.