அடுப்போரம் அம்மா

இன்று வெள்ளனே அடுப்படிக்குள் போனேன். மேலே கட்டியிருந்த பூண்டில் புகை ஏறிக்கொண்டிருக்க, அம்மா அடுப்பை ஒட்டிக் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

எட்டு வயதில் நான் பார்த்த அதே கோலம். தம்பி பிறந்ததிலிருந்தே அவளுக்கு ஓயாத குளிர், அசதி. எங்கள் வடகவுஞ்சி ஊரே பூண்டு பிடுங்கும்போது அவள் மட்டும் அடுப்பை விட்டு நகரமாட்டாள். "சரியான வேலைக்கள்ளி" என்பாள் அத்தை. ஒருநாள் அம்மா வாந்தியெடுத்துச் சாய்ந்துவிட்டாள். கொடைக்கானலுக்கு ஜீப்பில் போன வழியெல்லாம் அவள் மூக்கருகே கைவைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா அப்பாவிடம் கேட்டார்: "கடைசிப் பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போச்சா? பால் சுரந்துச்சா?"

"ரத்தம் ரொம்பப் போச்சுங்க. பாலும் சுரக்கலை. பையன் பக்கத்து வீட்டுலதான் குடிச்சு வளந்தான்."

டாக்டரம்மாவின் சந்தேகம் சரிதான் என்றது ரத்தப் பரிசோதனை. பிரசவத்தில் ரத்தம் போனதில், மூளைக்கடியில் பட்டாணி அளவிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி கருகியிருந்தது. அதன் வேலையை இனி மாத்திரைதான் செய்யும்; ஒருநாளும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இன்று அடுப்போரம் அவளருகே குனிந்து கேட்டேன்: "மாத்திரை போட்டியாம்மா?"

"பழனிக்கு விரதம்டி. மருந்து தொடலாமா? முந்தாநாளே நிறுத்திட்டேன்."

மாத்திரையை அவள் வாயில் வைத்தேன்.

"முருகன் கோவிச்சுக்குவாருடி."

"என்னையக் கோவிக்கட்டும். முழுங்கு. வெரசா ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

தம்பி வண்டியை ஓட்டினான். என் கை தானாக அவள் மூக்கருகே போனது.