என் புது வேலை

நடனக் கலைஞர்களான எங்கள் கூட்டத்தில் யாரும் நடனம் ஆடுவதில்லை. 'வொர்க்' செய்கிறோம். பழைய வொர்க், புது வொர்க், பாதியில் கிடக்கும் வொர்க் என்று அதில் வகைகள் உண்டு. எதற்கும் சம்பளம் கிடையாது. பெங்களூரில் எனக்கு இருந்த நண்பர்கள் எல்லோரும் இதே பேச்சுப் பேசியதால், வெளியுலகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பதே எனக்கு மறந்துவிட்டிருந்தது.

இந்தக் கதை நடப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் நான் வேலை பார்த்த ஐ.டி. கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஒரு காலை, வாசலில் அடையாள அட்டையைக் காட்டினேன், கதவு திறக்கவில்லை. பிரிவுபசாரம் அத்துடன் முடிந்தது. அன்றிலிருந்து ராணிப்பேட்டையில் இருக்கும் அம்மா போனில் கேட்பது ஒன்றுதான், வேலை ஏதாவது அமைந்ததா என்று. அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். சேர்ந்த நாளில் டெம்பரரி, வயதாகி வீட்டுக்கு வந்த நாளிலும் டெம்பரரி. உலகத்தில் யாரைப் பற்றிப் பேசினாலும் அவர் பெர்மனென்ட்டா இல்லையா என்பதைத்தான் முதலில் விசாரிப்பாள். நான் ஆடுவது கன்டெம்பரரி டான்ஸ் என்று ஒருமுறை சொன்னபோது, "அதுவும் டெம்பரரியா?" என்று பெருமூச்சு விட்டவள்.

இந்தச் சமயத்தில்தான் பிரேசர் டவுனில், வளரும் நடன அமைப்பாளர்கள் புதுப் படைப்புகளைக் காட்டும் ஒரு நிகழ்ச்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். முட்டியில் பெல்ட் கட்டிக்கொண்டு, தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு நான் வளர்ந்துகொண்டிருந்தேன். அம்மா என் ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இந்த முறை வந்து பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு இதுவும் ஒரு வேலைதான் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இந்த வயதில் வெளியே சொல்ல வெட்கமான ஆசைதான்.

வொர்க் என்றால் அவளுக்குப் புரியாதே என்று, எப்போதாவது என்னைப் பிடித்துக்கொள்ளும் தமிழ்ப்பற்று அன்றைக்குப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. "சனிக்கிழம என் புது வேலயக் காட்டறேன், வாம்மா" என்றேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மகள் மேடையேறுவதை நினைத்துத்தான் கலங்குகிறாள் என்று நம்பினேன். கலைஞர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கியவள் கையில் ஆற்காட்டு மக்கன் பேடா இரண்டு டப்பா. ஒன்று எனக்காம், ஒன்று மேனேஜருக்காம். எந்த மேனேஜர் என்று கேட்கும்போதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆட்டோவில் உட்கார்ந்ததும், "அம்மா, இது வேல இல்லம்மா" என்று ஆரம்பித்தேன். நிறுத்திக்கொண்டேன். ஊரில் எல்லோரும் சொல்லும் அந்த வாக்கியத்தை நானே சொல்வதா என்று எரிச்சலாக வந்தது. அவளோ எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சித்திக்கு ஏற்கெனவே சொல்லிவிட்ட சந்தோஷத்தில் இருந்தாள்.

நிகழ்ச்சி ஒரு பழைய பங்களாவின் மாடியில். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் திண்டு போட்டு உட்கார வேண்டும். அம்மா ஆச்சரியப்படவில்லை, பெங்களூர் ஆபீஸ் எல்லாம் இப்படித்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். நிகழ்ச்சியை நடத்திய அம்மையாரிடம் நேரே போய் டப்பாவைக் கொடுத்து, பெண்ணைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டாள். அவர் நெகிழ்ந்துபோனார். ஆட்டத்துக்கு முன்னால் இனிப்பு வழங்குவது வடாற்காட்டுச் சடங்கு என்று பக்கத்தில் இருந்தவருக்கு அவர் விளக்கியதை என் காதாலேயே கேட்டேன்.

என் வொர்க் இதுதான்: பழைய கம்பெனி டேக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அங்கே இல்லாத ஒரு கதவிடம் போவேன், அட்டையைக் காட்டுவேன், பின்வாங்குவேன், விழுவேன், எழுந்து மறுபடியும் போவேன். கதவு கடைசிவரை திறக்காது. இசை கிடையாது. கீழே பிரியாணிக் கடையில் பார்சலுக்குக் கூப்பிடும் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. டேக்கைக் கண்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. நான் விழ விழ அது சுருங்கியது. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று எவ்வளவோ முயன்றேன், கண் அங்கேதான் போயிற்று.

முடிந்ததும் கலந்துரையாடல். நன்றாக இருந்தது, இல்லை என்றெல்லாம் சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒருவர் என் இடுப்பெலும்பு முதலாளித்துவத்தை எப்படி எதிர்கொள்கிறது என்று கேட்டார். வெட்கமில்லாமல் அதற்குப் பதிலும் சொன்னேன். அப்போது அம்மா கையைத் தூக்கினாள். மைக்கை அவளிடம் நீட்டினார்கள்.

"இந்த வேல பெர்மனென்ட்டா, டெம்பரரியா?"

யாரோ அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்கள். அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். நிகழ்ந்த கணமே மறைந்துவிடும் கலைக்கு நிலைப்பு என்று ஒன்று உண்டா என்ற ஆழமான கேள்வியை அம்மா எழுப்பிவிட்டதாகச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஆள் பேசினார்கள். அம்மா அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்பது அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"டெம்பரரிதாம்மா" என்றேன்.

அதற்கும் கைதட்டினார்கள்.

ஜோகுபாளையத்தில் இருக்கும் என் அறைக்கு ஆட்டோவில் திரும்பினோம். அம்மா என் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள், வீங்கியிருந்தது. அவளுக்குச் சித்தியிடமிருந்து போன் வந்தது. எனக்கு வேலை இல்லை என்பது இனி ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்று நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

"வேலதான்டி. இன்னா இப்படிக் கேக்கற? நான் கண்ணால பாத்தேன்" என்றாள் அம்மா. "தொப்பலா நனைஞ்சிட்டா, அவ்ளோ வேர்வ. பெர்மனென்ட் எல்லாம் இல்ல. நான் ஆஸ்பத்திரில பாத்தேன் இல்ல, அந்த மாரி வேல."