ஞானத்தகப்பனார் விற்ற என்லார்ஜர்

சிவப்பு விளக்கின் கீழே, மருந்துத் தட்டில் மிதந்த வெள்ளைத் தாளில் ஒரு மணப்பெண் மெல்ல எழுந்து வந்தாள். முதலில் புருவம், அப்புறம் கண், அப்புறம் கையிலிருந்த பூச்செண்டு. நான் வாயைப் பிளந்து நின்றேன். "பாத்தியாடா மவனே, மெஷின் பேசுது பாரு" என்றார் ஞானத்தகப்பனார். பேசியது மெஷின் இல்லை, அவர் வாய்.

ராயபுரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது என்னைக் கையில் ஏந்தி, பசாசை விட்டுவிடுகிறேன் என்று என் சார்பில் வாக்குக் கொடுத்தவர். தம் சார்பில் கொடுக்க மறந்துவிட்டார் போலும். அவர் தொழில் முழுவதும் ஒரு பென்சிலில் இருந்தது. நெகடிவில் முகத்தின்மேல் தேய்த்துத் தேய்த்து யாரையும் வெளுப்பாக்கிவிடுவார். துறைமுகத்து வெயிலில் மூட்டை தூக்குகிறவனும் அவர் படத்தில் மாவு டப்பாவுக்குள் விழுந்து எழுந்தவன் மாதிரி இருப்பான். "ஜனங்க கேக்குறத குடுக்குறேன்" என்று நியாயம் வேறு.

காசிமேட்டில் மீன் விற்ற என் மனைவி நல்ல கறுப்பு. அவர் எடுத்த எங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்து, "இன்னாய்யா, உன் பக்கத்துல நிக்கிறவ யாரு?" என்றாள். சிரித்துத்தான் கேட்டாள். ஆனால் படத்தை டிரங்குப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டாள். அவள் முகத்தை அவள் நிறத்திலேயே பெரிதாகப் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்றுதான், எழுபதுகளில், நெகடிவைப் பெரிய படமாக்கும் அந்தப் பழைய என்லார்ஜரை வாங்கினேன். போயும் போயும் அவரிடமே வாங்கினேன். அந்த மணப்பெண்ணை எழுப்பிக் காட்டித்தான் என் தலையில் கட்டினார்.

ஒரு மத்தியானம் சமையலறை ஜன்னலைக் கம்பளியால் மூடி ஆரம்பித்தேன். நெகடிவ் வைக்கும் சட்டத்தை இழுத்தால், அவர் படம் போட்டுக் காட்டிய நெகடிவ் அதிலேயே இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். மணப்பெண் இல்லை, பள்ளிப் பிள்ளைகள், வரிசையாக. அப்போதுதான் புரிந்தது. மணப்பெண்ணை முன்பே தம் நல்ல மெஷினில் தாளில் பதித்து, மருந்தில் கழுவாமல் வைத்துக்கொண்டு, இந்த மெஷினின் விளக்கைச் சும்மா போட்டு அணைத்து, அந்தத் தாளைத் தட்டில் நழுவவிட்டிருக்கிறார். லென்ஸைக் கழற்றினால் உள்ளே பூஞ்சை. இருந்தும் ஆசை விடவில்லை. கடற்கரையில் எடுத்த மனைவியின் நெகடிவைப் போட்டேன். முகம், சேலை, கடல் எல்லாம் ஒரே மங்கல்.

"கல்யாணத்துல சுண்ணாம்பு பூசுனாரு, இப்ப சாம்பல் பூசிகீறாரு" என்றாள்.

அடுத்த ஞாயிறு, மீன் விற்ற கூடையை இடுப்பில் வைத்தபடி அவளும் ஸ்டூடியோவுக்கு வந்தாள். அன்று கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் பிள்ளைகள் வெள்ளை உடையில் படத்துக்குக் காத்திருந்தார்கள். பூஞ்சை லென்ஸை மேசைமேல் வைத்தேன். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மெஷின்ல இன்னா கோளாறு? உன் பொஞ்சாதி கலருக்கு எதுல போட்டாலும் அப்டித்தான்டா வரும்" என்றார். அத்தனை தாய்மார் எதிரில்.

அவள் நேரே போய்ப் படமெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னா பெரியவரே, நல்ல லென்ஸு வர்ற வரைக்கும் நான் இங்கதான் கீறேன். அது வரைக்கும் என்னையே எடு. பென்சில் தீர்ற வரைக்கும் எடு." பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. தம் மெஷினிலிருந்து லென்ஸைத் திருகி எடுத்துவந்தவர், "ஞானத்தகப்பன்ற மரியாத கூட இல்ல" என்று முனகினார். இப்படிப்பட்டவர்களுக்கு மரியாதை மட்டும் குறையவே கூடாது.

அந்த லென்ஸில் போட்ட படம் இன்றும் எங்கள் சுவரில் கறுப்பாக, களையாக இருக்கிறது. பல வருஷம் கழித்து அவர் இறந்தபோது, ஞானப்பிள்ளை போகாமல் இருக்க முடியாதே என்று போனோம். சவப்பெட்டிக்குள் முகமெல்லாம் பவுடரை அப்பியிருந்தார்கள். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: "இப்பத்தான்யா அவரு ஆசப்பட்ட கலர்ல கீறாரு."