கண்ணாத்தாள் கேட்ட தபாலாபீஸ்

கண்ணாத்தாளின் புருசன் பிச்சைமுத்து மலேயாவில் ரப்பர் தோட்ட வேலையில் இருந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் ஒருநாள் மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். கண்ணாத்தாள் கையெல்லாம் சாணி. வீட்டில் பழைய சோறுதான் இருந்தது.

"வாரேன்னு ஒரு கடுதாசி போடக் கூடாதா?"

"போட்டேனே!"

அந்தக் கடுதாசி ஆறு நாள் கழித்து, சந்தைக்குப் போனவர் மடியில் வந்து சேர்ந்தது. ஊருக்குத் தபாலாபீஸ் கிடையாது. சந்தை கூடும் அன்னவாசலில் இருக்கும் தபாலாபீஸிலிருந்து யாராவது எடுத்து வந்தால்தான் உண்டு. பிச்சைமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் மறுபடி கப்பலேறினான். அடுத்த வருசம் தேர்தல் வந்தது. ஓட்டுக் கேட்டு வந்த சட்டசபை வேட்பாளரிடம் கண்ணாத்தாள் தபாலாபீஸ் கேட்டாள். "அது டெல்லி கையில இருக்கும்மா" என்றார் அவர். மூன்று நாள் கழித்து பார்லிமென்ட் வேட்பாளர் வந்தார். ஊர்க்காரர்கள் கண்மாய் மடையைச் சரிபண்ணச் சொன்னார்கள். "அது மெட்ராஸ் சர்க்கார் பொறுப்புங்க" என்றார்.

இருவரும் தட்டிக் கழிக்கிறார்கள் என்று கொதித்துப்போய், பள்ளிக்கூட வாத்தியார் மரியசெல்வத்திடம் போனாள் கண்ணாத்தாள். அவர் அரசியல் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

"ரெண்டு பேரும் பொய் சொல்லலம்மா. இதுல மூணு பட்டியல் இருக்கு. மொதப் பட்டியல்ல உள்ளதுக்குச் சட்டம் போடுற அதிகாரம் பார்லிமென்டுக்கு மட்டுந்தான். ரெண்டாவது, சட்டசபைக்கு. மூணாவது, ரெண்டுக்கும் பொது. முட்டிக்கிட்டா பெரும்பாலும் டெல்லி சட்டந்தான் நிக்கும்."

"தபாலு எதுல இருக்கு?"

"மொதப் பட்டியல்ல முப்பத்தொண்ணாவது."

கண்ணாத்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒருதரம் கேட்டால் மறக்க மாட்டாள். பத்து நாள் சாயங்காலம் வாத்தியாரை வாசிக்கச் சொல்லி மூன்று பட்டியலையும் மனசில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, ஜெயித்த எம்.பி.க்கு வாத்தியாரையே எழுதச் சொன்னாள்: "ஐயா, முப்பத்தொன்று உங்கள் சபைக்கு உரியது. எங்கள் ஊருக்குத் தபாலாபீஸ் வேண்டும்."

'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மாசம் தவறாமல் ஒரு கார்டு போட்டாள். ஒவ்வொன்றையும் அன்னவாசலுக்கு நடந்துபோய்ப் பெட்டியில் போட்டு வந்தாள். பதினெட்டாவது கார்டுக்கு, "சபையில் மந்திரியிடம் கேள்வியாகவே கேட்கிறேன்" என்று எம்.பி. எழுதினார். ஐம்பத்தொன்பது தை மாசம் தபால் இன்ஸ்பெக்டர் வந்து வீடுகளை எண்ணிக்கொண்டு போனார். சித்திரையில் பள்ளிக்கூடத்து ஓர் அறையில் கிளைத் தபாலாபீஸ் திறந்தார்கள். மரியசெல்வமே போஸ்ட்மாஸ்டர். கண்ணாத்தாள் சிவப்புப் பெட்டிக்கு மாலை போட்டாள்; மாடு வந்து அதைத் தின்றுவிட்டது.

அறுபத்திரண்டில் மறுபடி தேர்தல். பார்லிமென்டுக்கு நின்ற புது ஆள் ஒருவர், "என்னை டெல்லிக்கு அனுப்புங்க, இந்த ஊருக்கு ஆஸ்பத்திரி வரும்!" என்று மைக்கில் முழங்கினார்.

"ஐயா, ஆஸ்பத்திரி ரெண்டாவது பட்டியலு, ஆறு. அது மெட்ராஸ்ல கேக்கணுங்க" என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது.

அவர் திகைத்துப்போனார். "நீங்க வக்கீலாம்மா?"

"இல்லீங்க, களையெடுக்கப் போறவ."

அவருக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நான் என்னத்தச் சொல்லி ஓட்டுக் கேக்குறது?"

"ரயிலு கொண்டாரேன்னு சொல்லிக் கேளுங்க. மொதப் பட்டியலு, இருபத்திரெண்டு."

கூட்டமே கைதட்டியது. கண்ணாத்தாள் அந்தத் தடவை அவருக்குத்தான் ஓட்டுப் போட்டாள். தப்பை எடுத்துச் சொன்னதும் கோபப்படாமல் சிரித்தாரே என்பதற்காக.