ரயில் ஓடாத நாளில் பத்து ஸ்டேஷன்

போன வாரம் தட்டாஞ்சாவடியில் இருக்கும் அண்ணன் மகனின் லேத்துப் பட்டறைக்குப் போயிருந்தேன். உள்ளே கால் வைத்ததும் சூடேறிய இரும்பு, எண்ணெய், எங்கோ கருகும் ரப்பர் எல்லாம் கலந்து ஒரு வாசனை. "அத்தே, மூக்கப் பொத்திக்குங்க" என்றான். நான் பொத்தவில்லை. நன்றாக இழுத்து இழுத்து மோந்தேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பாரீஸில் பூமிக்கடியில் ஓடும் மெத்ரோவுக்கு இதே வாசனைதான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் போய்வந்த தடத்தில் ரயிலுக்கு ரப்பர் சக்கரம். படி இறங்கும்போதே வாசனை வந்து முகத்தில் மோதும்.

நான் புதுச்சேரி முதலியார்பேட்டைக்காரி. அப்பாவுக்குப் பஞ்சாலையில் வேலை. கல்யாணம் ஆகும்வரை கடற்கரைக்குக்கூடத் தனியாகப் போனதில்லை. அண்ணன் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து போய், அதே சீட்டில் திரும்பி வருவேன். எழுபதுகளின் கடைசியில் என்னை ஒரு சொல்தா வீட்டுப் பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். மாமனார் அப்படி இருந்ததால் மகனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. பாரீஸில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. தாலி கட்டிய இருபதாம் நாள் அவர் விமானம் ஏறிவிட்டார். நான் அங்கே போகக் காகிதம் வர ஒன்றரை வருஷம் ஆயிற்று.

அதுவரை கடிதம்தான். மற்றப் புருஷன்மார்கள் கடிதத்தில் என்னென்னவோ எழுதுவார்களாம். என் வீட்டுக்காரர் ஸ்டேஷன் பெயர் எழுதினார். 'நான் வேலைக்குப் போயிட்டா நீதான் தனியா போய் வரணும், மனப்பாடம் பண்ணிக்கோ' என்று கீழே ஒரு வரி. அவர் குடியிருந்த ஷாத்தோ ரூஜிலிருந்து ஆற்றுக்கு நடுவில், காகிதம் பதியும் ஆபீஸ் இருக்கும் சித்தே வரைக்கும் பத்து ஸ்டேஷன். தெருக்குழாயில் குடம் நிரம்புவதற்குள் வாய்ப்பாடு மாதிரி சொல்லி முடிப்பேன்: பர்பேஸ், கார் து நோர், கார் து லெஸ்த், ஷாத்தோ தோ... "இந்தப் பொண்ணு என்னாடி மந்திரம் ஓதுது?" என்று பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடமே கேட்டுவிட்டாள்.

பாரீஸ் போய்ச் சேர்ந்து பதினாறாம் நாள். ஊர் முழுக்க மெத்ரோவும் பஸ்ஸும் ஸ்டிரைக். அவர் விடியற்காலையிலேயே நடந்து வேலைக்குப் போய்விட்டார். பத்து மணிக்குக் கட்டிடக் காவல்கார அம்மாள் மூச்சு வாங்க நாலு மாடி ஏறி வந்து கதவைத் தட்டினாள். அவளிடம்தான் டெலிபோன் இருந்தது. அவள் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது மூன்றே வார்த்தை. மரி, அதாவது புருஷன். ஒப்பித்தால், அதாவது ஆஸ்பத்திரி. அந்தப் பதற்றத்திலும் மனப்பாடம் ஒப்பிப்பதுதான் ஞாபகம் வந்தது என்றால் நம்புவீர்களா? மூன்றாவது வார்த்தை, சித்தே.

உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க எனக்குப் பிரெஞ்சு தெரியவில்லை.

அவருடைய பழைய கோட்டைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு இறங்கினேன். வாங்கிக் கொடுத்த பூட்ஸ் காலைக் கடித்துப் புண்ணாக்கியிருந்தது; அதனால் காலுறைமேல் ஊரிலிருந்து கொண்டுவந்த ரப்பர் செருப்பு. ஷாத்தோ ரூஜ் ஸ்டேஷன் வாசலில் கம்பிக் கதவு பூட்டிக் கிடந்தது. பூமிக்கு அடியில் எனக்கு எல்லாம் தெரியும். பூமிக்கு மேலே கிழக்கு மேற்குகூடத் தெரியாது. தெருவெல்லாம் ஜனம் நடந்து போனது. எதிரே வந்த ஒருவரை நிறுத்தி, "பர்பேஸ்?" என்றேன். கையை நீட்டிக் காட்டினார். ஐந்து நிமிஷத்தில் பர்பேஸ் வந்துவிட்டது! முதலியார்பேட்டைக்கும் வில்லியனூருக்கும் உள்ள தூரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே நின்று, "கார் து நோர்?"

கார் து லெஸ்த் தாண்டியதும் செருப்பு வார் பிய்ந்தது. ஓரமாக உட்கார்ந்து வளையலில் இருந்த ஊக்கைக் கழற்றி வாரை மாட்டப் பார்த்தேன். அவசரத்தில் ஊக்கு விரலில் ஏறியது. அதுவரை அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது. ஒரு பெண் குனிந்து செருப்பை வாங்கி, நொடியில் ஊக்கை மாட்டிக் காலடியில் வைத்தாள். பெயர் மரியா. போர்ச்சுக்கல்காரி, ஓட்டலில் அறை கூட்டுகிறவள், வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கும் எனக்கும் சேர்த்து முப்பது பிரெஞ்சு வார்த்தை இருந்தால் அதிகம். "மரி, ஒப்பித்தால், சித்தே" என்று ஒப்பித்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரெயோமூர் ஸ்டேஷன் வரைக்கும் சண்டையில்லாமல் போனோம். அங்கிருந்து நேராகப் போனால் ஆறு வந்துவிடும் என்று அவள் கையால் காட்டினாள். நான் அசையவில்லை. பட்டியலில் அடுத்தது எத்தியென் மார்செல். அது பக்கத்துத் தெருவில் ஒதுங்கியிருந்தது. ஒன்றை விட்டால் அடுத்தது தப்பிப்போகும், அடுத்தது தப்பினால் அவரும் தப்பிப்போவார் என்று எனக்கு ஒரு பயம். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று தெருவில் நின்று தமிழிலேயே கத்தினேன்: "இல்லக்கா, அங்க போயிட்டுதான் போவணும்! நீ வராட்டி போ, நான் போய்க்கிறேன்!" என்ன புரிந்ததோ. கடிகாரத்தைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், என்னோடு திரும்பினாள். எத்தியென் மார்செலில் பூட்டிக் கிடந்த கம்பிக் கதவை நான் தொட்டேன். அடுத்த ஸ்டேஷன் லே ஆலில் அவளே முன்னால் ஓடித் தொட்டுவிட்டு, சரியா என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோய், மேசையில் இருந்தவர்களிடம் அவளே கைகாலை ஆட்டிப் பேசி, வார்டு வாசல்வரை வந்தாள். உள்ளே மூன்றாவது கட்டிலில் அவர். வலது கால் முழுக்க மாவுக்கட்டு. கண் திறந்து என்னைப் பார்த்தார்.

"எப்பிடி வந்தே? ஒரு வண்டியும் ஓடலியே!"

"நடந்துதான். நீங்க எழுதுன லிஸ்ட்டுதான். ஒண்ணு விடாம வந்துட்டேன்."

பெட்டி அடுக்கு சரிந்து காலில் விழுந்ததாம். அதைச் சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமல் அழுதார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் மரியா இல்லை.

கால் கூடிற்று, ஆனால் படி இறங்க முடியாமல் போயிற்று. அதற்குப் பிறகு கடை, அலுவலகம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் நான்தான். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களை அழைத்துவரவும் நான்தான். மஞ்சள் டிக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு படியில் ஓடுவேன். ஏறின பெட்டியிலெல்லாம் மரியாவைத் தேடுவேன். அன்றைக்கு வேலைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தாளோ, என்ன ஏச்சு வாங்கினாளோ. ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

அவர் போனபிறகு நான் புதுச்சேரிக்கே வந்துவிட்டேன். போன வருஷம் மகளைப் பார்க்க மறுபடி பாரீஸ் போனேன். மஞ்சள் காகித டிக்கெட் இல்லை, பல ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்க ஆளும் இல்லை. மகள் ஒரு அட்டையையும் போனையும் கையில் கொடுத்து, "இது சொல்ற மாரி போம்மா. யாரையும் ஒண்ணும் கேக்க வேணாம்" என்றாள். அது சொன்னபடியே போனேன். இரண்டு இடத்தில் ரயில் மாறினேன், எங்கும் தவறவில்லை. போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது: வழி நெடுக ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.